ஆசரிப்புக் கூடாரப் பாடப்பெட்டி: பர்மாவின் தமிழ் ஞாயிறு பள்ளிகளுக்கு வாங்கலாமா?

இஸ்ரவேலர் வனாந்தரத்தில் கழித்த நாற்பது வருஷத்தை 12 பாடங்களாக்கி, அவர்கள் கூடவே சுமந்துசென்ற வழிபாட்டுக் கூடாரமாகிய ஆசரிப்புக் கூடாரத்தின் மாதிரி ஒன்றையும் சேர்த்து ஒரே பெட்டியாக விற்கிறார்கள். தமிழ்நாட்டில் அச்சிட்டுச் செய்தது. அங்கிருந்து யாங்கோனுக்கு வந்துசேர்கிறது. விலையை இங்கே எழுதிப் பயனில்லை. கியாட்டின் மதிப்போடு அதுவும் மாறிக்கொண்டே இருக்கிறது. விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு இதை வாங்கலாமா என்று யோசிக்கும் யாங்கோன், பெகு, தாத்தோன், மோல்மீன் ஆசிரியர்களுக்காக இந்த மதிப்புரை.

வாங்கலாம். கூடார மாதிரிக்காக வாங்கலாம். பாடப்புத்தகத்தை அப்படியே நம்பிப் பன்னிரண்டு வாரம் நடத்திவிடலாம் என்று எண்ணி வாங்கவேண்டாம். பெட்டியைத் திறந்தவுடன் கையேட்டின் முதல் கட்டளையை மீறிவிடுங்கள். "பலகைகளை வரிசையாக நிறுத்திப் பசை போட்டு ஒட்டவும்" என்று அதில் இருக்கிறது. ஒட்டவே கூடாது.

காரணம் இதுதான். இஸ்ரவேலர் நடுவே தேவன் கேட்டது கட்டடம் அல்ல, கழற்றி எடுத்துப்போகிற வாசஸ்தலம். எண்ணாகமம் 9ஆம் அதிகாரம் சொல்வதைப் பாருங்கள்: மேகம் இரண்டு நாள் தங்கினாலும், ஒரு மாதம் தங்கினாலும், அதைவிட நெடுங்காலம் தங்கினாலும் அவர்கள் பாளயமிறங்கியிருந்தார்கள், அது எழும்பினபோது புறப்பட்டார்கள். எத்தனை நாள் தங்குவோம் என்று எவருக்கும் தெரியாது. அந்த வாழ்க்கைக்கு ஏற்றபடிதான் ஒவ்வொரு பலகைக்கும் இரண்டு கழுந்து (பாதத்துக்குள் செருகும் முனை), ஒவ்வொரு கழுந்துக்கும் ஒரு பாதம், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஐந்து தாழ்ப்பாள் என்று யாத்திராகமம் 26 அமைத்துக் கொடுக்கிறது. பசை போட்டு ஒட்டிய மாதிரி அலமாரியில் அழகாக நிற்கும். ஆனால் வனாந்தரம் கற்றுத்தருகிற முதல் பாடம் அதில் இருக்காது.

பெட்டியின் எடை ஏறக்குறைய இரண்டு வீசை. உள்ளே 3 மி.மீ. பிளைவுட்டில் வெட்டிய 48 பலகைகள், பிளாஸ்டிக் பாதங்கள், தாழ்ப்பாள்களுக்கான மூங்கில் குச்சிகள், பிராகாரத்துக்கு (வெளிமுற்றத்துக்கு) 60 தூண்கள், நான்கு அடுக்குக்கும் துணிகள், உடன்படிக்கைப் பெட்டி முதல் வெண்கலத் தொட்டி வரையிலான பணிமுட்டுகள், ஆள் பொம்மைகள், மடித்து விரிக்கும் அடிப்பலகை, பாடப்புத்தகம், வரைபடம், காணொளிகள் உள்ள மெமரி ஸ்டிக். அளவு 1 முழத்துக்கு 1 சென்டிமீட்டர். மிக நல்ல தேர்வு. பிள்ளை வேதாகமத்தைத் திறந்து "பத்து முழம்" என்று வாசித்துவிட்டு, ஸ்கேலை எடுத்து 10 செ.மீ. இருக்கிறதா என்று தானே பார்த்துக்கொள்ளலாம். கணக்குப்போட வேண்டியதில்லை. பெட்டியைச் செய்தவர்கள் பாராட்டுக்குரியவர்கள் என்றால் முதலில் இதற்காகத்தான்.

இனி மரம். பிளைவுட் துண்டுகள் வறண்ட ஊரில் வெட்டப்பட்டவை. இங்கே மே மாதக் கடைசியில் மழை பிடித்ததும் ஈரம் குடித்து உப்புகின்றன. கழுந்து பாதத்துக்குள் போகாது. அழுத்திச் செருகினால் பாதம் பிளக்கும். அதனால் கூடாரத்தை மார்ச், ஏப்ரல் மாதங்களில், காற்று வறண்டிருக்கும்போதே முதல்முறை கட்டுங்கள். 220ஆம் எண் உப்புத்தாளால் ஒவ்வொரு கழுந்தையும் இரண்டு பக்கமும் லேசாகத் தேய்த்து, பாதத்தில் தளர்வாக ஆடும் அளவுக்குக் குறைத்துவிடுங்கள். கால் மில்லிமீட்டர் போதும். அதன்பிறகு பலகையின் இரு முகத்திலும், முக்கியமாக வெட்டுவிளிம்புகளிலும், மெல்லிய வார்னிஷ் ஒரு கை பூசிக் காயவிடுங்கள். ஒரு முகத்தில் மட்டும் பூசினால் பலகை வில்லாக வளைந்துவிடும். பொன் பூச்சு இதற்குமேல்தான். பலகைகள் சீத்திம் மரத்தால் செய்து பொன்தகட்டால் மூடப்பட்டவை; பொன்னிற பெயின்டுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. கழுந்துக்குப் பொன் பூசவேண்டாம். பூச்சின் கனத்தில் மறுபடியும் சிக்கும்.

மூங்கில் தாழ்ப்பாள்களைக் கையேடு வெறும் அலங்காரமாக நினைக்கிறது. அவைதான் சுவரைப் பிடித்து நிறுத்துகின்றன. ஒரு பக்கத்துக்கு ஐந்து, நடுத்தாழ்ப்பாள் ஒரு முனை தொடங்கி மறுமுனை வரை ஒரே நீளமாக ஓடவேண்டும் (யாத். 26:28). பெட்டியில் வரும் குச்சிகள் எல்லாம் ஒரே நீளம், 15 செ.மீ. வடக்குக்கும் தெற்குக்கும் நடுவில் 30 செ.மீ. குச்சி ஒன்று வேண்டும். கடையில் சத்தே குச்சி வாங்கி வெட்டிக்கொள்ளுங்கள். நடுக்குச்சி போனவுடன் இருபது தனித்தனிப் பலகையும் ஒரே சுவராக இறுகி நிற்பதைப் பிள்ளைகள் கையால் அசைத்துப் பார்க்கட்டும்.

இப்போது பெரிய பிழை ஒன்று. பாதங்கள் எல்லாம் பொன்னிறத்தில் வருகின்றன. பலகைகளின் பாதங்கள் வெள்ளி. இதை நிறப்பிழை என்று விட்டுவிட முடியாது. அந்த வெள்ளி எங்கிருந்து வந்தது என்று யாத்திராகமம் 38 கணக்கோடு சொல்கிறது: எண்ணப்பட்ட 6,03,550 பேர், ஆளுக்கு அரைச்சேக்கல் (சேக்கலும் தாலந்தும் அக்கால எடைகள்), மொத்தம் 100 தாலந்தும் 1,775 சேக்கலும். நூறு தாலந்தில் நூறு பாதம், பாதத்துக்கு ஒரு தாலந்து. மீதி 1,775 சேக்கல் தூண்களின் கொக்கிகளுக்கும் பூண்களுக்கும். ஒரு தாலந்துக்கு 3,000 சேக்கல் என்று வைத்துப் பிள்ளைகளைக் கரும்பலகையில் கூட்டச் சொல்லுங்கள், ஒரு சேக்கல் பிசகாமல் வரும். அந்த அரைச்சேக்கல் ஆத்துமாவுக்காகக் கொடுக்கும் பாவநிவிர்த்திப் பணம், ஐசுவரியவான் அதிகம் கொடுக்கக்கூடாது, தரித்திரன் குறையக் கொடுக்கக்கூடாது (யாத். 30:15). ஆக வாசஸ்தலம் முழுவதும் மீட்பின் விலைமேல் நின்றது, அந்த விலையில் எல்லோருடைய பங்கும் ஒன்றே. பொன்னிறப் பாதத்தை வைத்துக்கொண்டு இதை எப்படிச் சொல்வது? வெள்ளிநிற ஸ்பிரே ஒரு டப்பா வாங்கி, பாதங்களை ஓர் அட்டையில் பரப்பி அடித்துவிடுங்கள். எண்ணிக்கையையும் சரிபாருங்கள்: பலகைகளுக்கு 96, உட்புறத் திரைச்சீலையின் நான்கு தூண்களுக்கு 4. வாசலின் தொங்குதிரைக்கு ஐந்து தூண், அவற்றின் பாதங்கள் வெண்கலம் (யாத். 26:37). பெட்டியில் இரண்டு இடத்துக்கும் ஐந்தைந்து தூண் வைத்திருக்கிறார்கள். உள்ளே ஒன்றைக் குறைத்துவிடுங்கள், மிச்சமானது உதிரியாக இருக்கட்டும்.

துணிகளில்தான் பெட்டி மிகவும் சறுக்குகிறது. உள் அடுக்கு மெல்லிய பஞ்சுநூல்: பத்து மூடுதிரை, ஒவ்வொன்றும் 28 முழ நீளம், 4 முழ அகலம். ஐந்தைந்தாக இணைத்து, தொகுதிக்கு 50 காதுகள் வைத்து, இரண்டையும் 50 பொன் கொக்கிகளால் சேர்த்தால் 40க்கு 28. கூடாரத்தின் நீளம் 30, பின்சுவரின் உயரம் 10, கூட்டினால் 40. குறுக்கே 10 முழம் கூரைக்குப் போக, பக்கத்துக்கு 9 முழம் தொங்கும். தரையைத் தொட ஒரு முழம் குறையும். அதன்மேல் ஆட்டுமயிர் அடுக்கு: பதினொரு மூடுதிரை, 30க்கு 4, மொத்தம் 44க்கு 30. இது இரு பக்கமும் தரைவரை இறங்கி உள்துணியை முழுக்க மூடிவிடும். முன்புறத்தில் ஆறாவது மூடுதிரை மடிந்து நிற்கும்; மிச்சமான அரைத்திரை பின்னால் தொங்கும். வேதம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. பெட்டியிலோ நான்கு துணியும் ஒரே அளவு, 40க்கு 28. விளைவு, வெளியிலிருந்து பார்த்தாலே இளநீலமும் இரத்தாம்பரமும் அடிவிளிம்பில் தெரிகின்றன. வெளியே தோலும் மயிருமாக எளிமை, உள்ளே நுழைந்தவனுக்கு மட்டும் கேருபீன்கள் நெய்த அழகு என்ற அமைப்பே கெட்டுப்போகிறது. பெட்டியிலுள்ள ஆட்டுமயிர்த் துணியை ஒதுக்கிவிட்டு, மிங்கலா சந்தையிலோ போஜோ சந்தையிலோ கருப்பு அல்லது அடர்பழுப்புப் பருத்தித் துணி வாங்கி 44க்கு 30 செ.மீ. வெட்டிக்கொள்ளுங்கள். பாலியெஸ்டர் வேண்டாம், மடிப்பு நிற்காமல் விறைத்துக்கொள்ளும். அதற்குமேல் வரும் சிவப்புத்தீர்ந்த ஆட்டுக்கடாத்தோலுக்கும் தகசுத்தோலுக்கும் வேதம் அளவு கொடுக்கவில்லை. புதிய கருப்புத் துணியை மூடுமளவு இருந்தால் சரி.

உள்துணியை இரண்டு தொகுதியாக வெட்டாமல் ஒரே துண்டாக அச்சடித்துக் கொடுத்திருப்பதும் ஒரு குறை. நடுவில் வெட்டி, இருபுறமும் சிறு நூல்வளையம் தைத்து, பொன்னிறக் கம்பியால் கொக்கி செய்து சேர்த்துப் பாருங்கள். முன்வாசலிலிருந்து முதல் தொகுதி 20 முழம். கொக்கிகள் விழும் இடம் சரியாக 20ஆம் முழத்தில். அங்கேதான், "கொக்கிகளின் கீழே", திரைச்சீலையைத் தொங்கவிடும்படி யாத்திராகமம் 26:33 சொல்கிறது. முன்னே 20 முழம் பரிசுத்த ஸ்தலம்; பின்னே நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்துப் பத்தாக மகா பரிசுத்த ஸ்தலம். எந்த அளவும் தற்செயலாக எழுதப்படவில்லை என்று பெரிய பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிடச் சிறந்த இடம் கூடாரத்தில் இல்லை.

பிராகாரம் நன்றாக வந்திருக்கிறது. 100க்கு 50 செ.மீ. அடிப்பலகையில் 5 செ.மீ.க்கு ஒரு துளை. ஒரு குழப்பம் வரும்: நீளப்பக்கத்தில் துளைகளை எண்ணினால் 21, வேதத்தில் 20. பலகை தப்பு என்று நினைத்துத் துளையை அடைக்கவேண்டாம். மூலைத்தூண் ஒவ்வொன்றையும் ஒரு பக்கத்தின் கணக்கில் மட்டும் சேர்க்கவேண்டும். சுற்றளவு 300, ஐந்துக்கு ஒன்றாக 60 தூண்: தெற்கே 20, மேற்கே 10, வடக்கே 20, கிழக்கே 3, 4, 3. நடுவிலுள்ள நான்குக்கு 20 முழத் தொங்குதிரை, அதுவே வாசல்.

ஆள் பொம்மைகளை வகுப்பில் வைக்காதீர்கள். அவை 6 செ.மீ. உயரம். இந்த அளவில் ஒரு மனிதன் 4 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாகத்தான் இருக்கவேண்டும். பிராகாரத்தின் தொங்குதிரை 5 முழ உயரம். வெளியே நிற்பவன் எட்டிப்பார்க்க முடியாத மறைப்பு. பெட்டியிலுள்ள பொம்மையோ மதிலுக்குமேல் தலையை நீட்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நிற்கிறது. உள்ளே வர வழி கிழக்குவாசல் ஒன்றே, அதற்கடுத்து எதிர்ப்படுவது பலிபீடம் என்று சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் இந்தப் பொம்மை பாடத்துக்கு எதிர்ச்சாட்சி சொல்கிறது. களிமண்ணில் 3.8 செ.மீ. உயரத்தில் பிள்ளைகளையே செய்யச் சொல்லுங்கள்.

பணிமுட்டுகளின் அளவுகளில் குறையில்லை. மேல்மூடியில் உள்ள படத்தில் மட்டும் மேஜையும் குத்துவிளக்கும் இடம்மாறியிருக்கின்றன. உள்ளே வரும் அடித்தாளை நம்புங்கள்: கிழக்கிலிருந்து நுழைபவனுக்கு வலதுகைப்பக்கம் வடக்கு, அங்கே சமுகத்தப்ப மேஜை, இடப்பக்கம் தெற்கு, அங்கே குத்துவிளக்கு. வகுப்பறையில் மாதிரியை உண்மையான கிழக்குநோக்கி வைத்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

எல்லாம் சரியாக நின்றபின் அடுத்த ஞாயிறு கழற்றுங்கள். பெட்டியின் பெரும்பயன் இதில்தான். பாடப்புத்தகத்தில் இது இல்லவே இல்லை. எண்ணாகமம் 4ஐத் திறந்து வைத்துக்கொண்டு, வகுப்பை ஆசாரியரான ஆரோனின் குமாரர், லேவியரின் மூன்று வம்சங்களான கோகாத், கெர்சோன், மெராரி என்று நான்காகப் பிரியுங்கள். ஆரோனின் குமாரர் முதலில் திரைச்சீலையை இறக்கி அதனாலேயே உடன்படிக்கைப் பெட்டியை மூடவேண்டும். அதன்மேல் தகசுத்தோல், அதன்மேல் நீலத்துப்பட்டி. எல்லாப் பணிமுட்டும் மூடப்பட்டபிறகே கோகாத்தியர் கிட்டே வரலாம், அப்போதும் தொடக்கூடாது, தண்டுகளைத் தோளில் சுமக்கவேண்டும். அடுத்து கெர்சோனியர் துணிகளைச் சுருட்டுவார்கள். கடைசியில் மெராரியர் தாழ்ப்பாள், பலகை, பாதம், முளை, கயிறு.

எண்ணாகமம் 7இல் வண்டிகளைப் பங்கிட்ட விதத்தையும் இங்கேயே சேருங்கள். கெர்சோனுக்கு 2 வண்டி, 4 மாடு. மெராரிக்கு 4 வண்டி, 8 மாடு. கோகாத்துக்கு ஒன்றும் இல்லை. முதலில் பிள்ளைகள் இதை அநியாயம் என்பார்கள், சொல்லட்டும். ஒரு வெள்ளிப்பாதம் முப்பது கிலோவுக்கு மேல், நம்முடைய கணக்கில் ஏறக்குறைய 20 வீசை. நூறு பாதம் மூன்று டன்னுக்கு மேல். அதைச் சுமப்பவனுக்கு வண்டி அதிகம் கொடுப்பதுதானே நியாயம்? கோகாத்தியரின் வேலை தோளில் சுமக்கவேண்டிய பரிசுத்த வேலை. வண்டி கொடுத்தால் அது கெடும். ஒவ்வொருவனுக்கும் அவனவன் வேலைக்குத் தக்கதாகக் கொடுக்கவேண்டும் என்று வசனமே சொல்கிறது. சபையில் நாற்காலி அடுக்குகிறவரும் பீடத்தில் நிற்கிறவரும் ஒரே கூடாரத்தைத்தான் சுமக்கிறார்கள் என்பதைப் பன்னிரண்டு வயதுப் பையன் இங்கே கற்றுக்கொள்வான்.

அணிவகுப்பின் ஒழுங்கைத் தவறவிடாதீர்கள். எண்ணாகமம் 10இன்படி முதலில் யூதாவின் கொடி, பின்னாலேயே கெர்சோனும் மெராரியும். அதன்பின் ரூபனின் கொடி, அதற்குப்பின்தான் பணிமுட்டுகளோடு கோகாத். பின்னால் வருகிறவர்கள் வந்துசேருமுன் முன்னால் போனவர்கள் கூடாரத்தை நிறுத்திவிடுவார்கள். வகுப்பறையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு இந்த ஒழுங்கிலேயே போய்க் கட்டச் சொல்லுங்கள். கட்டுவதற்கு அரைமணி, கழற்றக் கால்மணி ஒதுக்கினால் போதும். பாதங்களைப் பத்துப் பத்தாக எண்ணிப் பையில் போடும் பொறுப்பை ஒரே பிள்ளையிடம் கொடுங்கள். அதிகம் தொலைவது பாதம்தான்.

பாடப்புத்தகத்துக்கு வருவோம். செங்கடல், மாரா, மன்னா, ரெவிதீம், சீனாய், பொன் கன்றுக்குட்டி, கூடாரத்துக்கு இரண்டு பாடம், வேவுகாரர், வெண்கலச் சர்ப்பம், பிலேயாம், யோர்தான். தமிழ்நடை எளிமை, மனப்பாட வசனத் தேர்வு நல்லது. ஆனால் அற்புதத்திலிருந்து அற்புதத்துக்குத் தாவுகிறது. சீனாயிலிருந்து இரண்டாம் வருஷம் இரண்டாம் மாதம் 20ஆம் தேதி புறப்பட்டார்கள் (எண். 10:11). ஓரேபிலிருந்து காதேஸ்பர்னேயாவுக்கு 11 நாள் வழி (உபா. 1:2). காதேஸிலிருந்து சேரேத் ஆற்றைக் கடக்க 38 வருஷம் (உபா. 2:14). வேவுகாரர் பாடத்துக்கும் சர்ப்பத்தின் பாடத்துக்கும் நடுவே புத்தகத்தில் ஒரு பக்கம் கூட இல்லாத இடம் இந்த 38 வருஷம்தான். வனாந்தரம் என்றால் அதுவே வனாந்தரம். ஒவ்வொரு காலையும் மன்னா பொறுக்கி, ஒரு தலைமுறையை அடக்கம்பண்ணி, அடுத்த தலைமுறையை வளர்த்த காலம்.

அதற்குப் பாடமாக என்ன நடத்துவது என்று கேட்பவர்கள் எண்ணாகமம் 14ஐயும் 15ஐயும் அடுத்தடுத்து வாசிக்கட்டும். 14இல் தீர்ப்பு: இருபது வயதுக்கு மேற்பட்டவர்கள் பிரேதங்களாய் விழுவார்கள், யோசுவாவும் காலேபும் தவிர. அதிகாரம் திரும்பியதும் 15:2 எப்படித் தொடங்குகிறது? நான் கொடுக்கும் தேசத்தில் நீங்கள் போய்ச் சேர்ந்தபின் இன்னின்ன பலியிடுங்கள் என்று. தண்டனை சொன்ன வாய் மூடுமுன்னே பிள்ளைகளுக்கு வாக்குத்தத்தம். பதின்மூன்றாம் பாடமாக இதைச் சேர்த்தால் 11ஆம், 12ஆம் பாடங்களுக்கும் உயிர் வரும். உபாகமம் 8:2-4ஐ மனப்பாடத்துக்குக் கொடுங்கள். சோதனைக்காரனுக்கு நம்முடைய கர்த்தர் சொன்ன மூன்று பதில்களும் உபாகமம் 6, 8 அதிகாரங்களிலிருந்தே வந்தவை என்பதையும் காட்டுங்கள். இஸ்ரவேல் நாற்பது வருஷத்தில் தோற்ற இடத்தில் அவர் நாற்பது நாளில் நின்றார்.

முதல் பாடத்தின் அறிமுகத்துக்குச் சுற்றுலாக் கதை ஒன்று கொடுத்திருக்கிறார்கள். இங்கே அது தேவையில்லை. 1942இல் லட்சக்கணக்கான இந்தியர் பர்மாவிலிருந்து நடந்தே வெளியேறினார்கள்; தண்ணீரும் உணவும் இல்லாத வழி எப்படியிருக்கும் என்பதற்கு வீட்டுப் பெரியவர்கள் கேட்டுவைத்த பேச்சே போதும். அதை யாத்திராகமத்தோடு ஒன்றாக்கிவிடாமல், தாகத்தையும் பசியையும் புரியவைக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

மன்னா பாடம் நல்ல எண்ணம், அரைகுறை வேலை. அரிசிமாவில் தேன் கலந்து தோசைக்கல்லில் மெல்லிய அப்பம் சுடும் முறை சரியாக வருகிறது. கொத்தமல்லி விதையைக் கையில் கொடுத்து அளவைக் காட்டுவதும் நல்லது. ஓமர் எவ்வளவு என்று மட்டும் புத்தகம் சொல்லவில்லை. ஓர் எப்பாவில் பத்தில் ஒரு பங்கு, ஏறக்குறைய இரண்டு லிட்டருக்குச் சற்று அதிகம். நம் வீடுகளில் அரிசி அளக்கும் பால்டப்பாவில் ஏழு. எட்டு டப்பா ஒரு பியி என்பதால், பியிக்கு ஒரு டப்பா குறைவு. இவ்வளவும் ஒரு ஆளுக்கு, ஒரு நாளைக்கு. அரிசியை அளந்து கொட்டிக் காட்டினால், தேவன் அளந்து கொடுத்தாலும் குறைத்துக் கொடுக்கவில்லை என்பது சொல்லாமலே விளங்கும்.

சோற்றை இரவு முழுவதும் வைத்து மறுநாள் பூச்சியைக் காட்டச் சொல்லும் பயிற்சியைச் செய்யாதீர்கள். நம்முடைய வெயிலில் அது புளித்து நாறும், தொட்ட கையைப் பிள்ளை வாயில் வைக்கும். கட்டாயம் வேண்டுமென்றால் மூடிய கண்ணாடிப் புட்டியில் ஒரு கரண்டி வைத்து, திறக்காமல் காட்டி, அப்படியே எறிந்துவிடுங்கள். ஆறாம் நாள் இரண்டு ஓமர், அது மட்டும் கெடவில்லை என்ற பாதியைப் புத்தகம் விட்டுவிட்டது. அதில்லாமல் பாடம் "சேர்த்துவைக்காதே" என்ற மிரட்டலாக முடிகிறது. ஓய்வுநாளுக்குத் தேவனே முன்கூட்டிக் கொடுத்தார் என்ற ஆறுதல் காணாமல்போகிறது. மிகுதியாகச் சேர்த்தவனுக்கு மீதியில்லை, கொஞ்சமாகச் சேர்த்தவனுக்குக் குறைவில்லை என்ற வசனத்தைப் பவுல் எருசலேமின் ஏழைகளுக்குக் காணிக்கை சேர்க்கும்போது எடுத்து எழுதுகிறார் (2 கொரி. 8:15). அதையும் சேருங்கள்: சமமில்லாமல் அரிசி நிரப்பிய பைகளைக் கொடுத்து, எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கொட்டி மறுபடி அளக்கச் சொன்னால் போதும்.

வெண்கலச் சர்ப்பத்துக்கு ஜரிகைத்தாளில் பாம்பு செய்து, கோலில் சுற்றி, வீட்டில் மாட்ட அனுப்பச் சொல்கிறார்கள். வகுப்பில் செய்யலாம், வீட்டுக்கு அனுப்பவேண்டாம். மோசே செய்த சர்ப்பத்துக்கே பிற்காலத்தில் இஸ்ரவேலர் தூபம் காட்டினார்கள், எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டான் (2 இராஜா. 18:4). பார்த்துப் பிழைக்கக் கொடுத்ததை வைத்துக் கும்பிட்டார்கள். பாடம் முடிந்தவுடன் பாம்பைப் பிள்ளைகளே கலைத்துவிட்டு யோவான் 3:14, 15ஐ எழுதிக்கொண்டு போகட்டும்.

பின்னிணைப்பாக, ஒவ்வொரு நிறத்துக்கும் கொக்கிக்கும் முளைக்கும் ஓர் ஆவிக்குரிய அர்த்தம் எழுதிய அட்டவணை இருக்கிறது. இதை வகுப்பில் எடுக்காமல் விடுவது நல்லது. எபிரெயர் நிருபத்தை எழுதியவரே பணிமுட்டுகளைச் சொல்லிவரும்போது, இவைகளை இப்போது விவரமாய்ச் சொல்ல இடமில்லை என்று நிறுத்திக்கொள்கிறார் (9:5). புதிய ஏற்பாடு தானே திறந்துகாட்டுபவை நமக்குப் போதும்: மன்னாவை யோவான் 6, கன்மலையை 1 கொரிந்தியர் 10:4, சர்ப்பத்தை யோவான் 3, திரையை எபிரெயர் 10:20. இவற்றை ஆழமாகப் பிடித்த பிள்ளை, நீலம் என்றால் பரலோகம் என்று ஒப்பிக்கும் பிள்ளையைவிட அதிகம் கற்றிருக்கும். 1 கொரிந்தியர் 10இல் பவுல் எடுப்பதும் இச்சை, விக்கிரகாராதனை, வேசித்தனம், பரீட்சைபார்த்தல், முறுமுறுப்பு என்று நடக்கையைப்பற்றியே. பெரிய பிள்ளைகளுக்கு அந்த ஐந்தும் யாத்திராகமத்திலும் எண்ணாகமத்திலும் எங்கே வருகின்றன என்று தேடச் சொல்லுங்கள். வாதையில் செத்தவர்கள் எண்ணாகமம் 25ஆம் அதிகாரத்தில் 24,000 என்றும் பவுலிடம் ஒரே நாளில் 23,000 என்றும் இருப்பதைக் கூர்மையான பிள்ளை கேட்கும், முன்கூட்டியே வாசித்துவைத்துக்கொள்ளுங்கள்.

வரைபடம் பயணவழியை ஒரே சிவப்புக்கோடாக, சந்தேகமே இல்லாததுபோல் போட்டிருக்கிறது. எண்ணாகமம் 33இல் வரும் பாளயமிறங்கின இடங்களில் பெரும்பாலானவை இன்று எங்கே என்று உறுதியாகச் சொல்லமுடியாதவை. சீனாய் மலை என்று பாரம்பரியமாகக் காட்டப்படும் ஜெபல் மூசா 2,285 மீட்டர் உயரம், அதன் அடிவாரத்தில் 6ஆம் நூற்றாண்டு முதல் மடம் இருக்கிறது. ஆனாலும் ஆராய்ச்சியாளர்கள் வேறு மலைகளையும் சொல்கிறார்கள். கோட்டின்மேல் வெள்ளைப்பூச்சால் இடையிடையே தொட்டுப் புள்ளிக்கோடாக மாற்றிவிடுங்கள்.

காணொளிகளை நம்பிப் பாடம் திட்டமிடவேண்டாம். மின்சாரம் எப்போது போகும் என்று சொல்லமுடியாது. காணொளியில் இருப்பதில் மாதிரியில் காட்டமுடியாதது எதுவும் இல்லை.

மொழிதான் நம்முடைய பெரிய தடை. புத்தகம் முழுவதும் தமிழ். நம் பிள்ளைகளில் பலர் தமிழ் பேசுவார்கள், பாடுவார்கள், வாசிப்பது பர்மிய எழுத்தையே. அமெரிக்க மிஷனரி ஜட்சன் 1834இல் மொழிபெயர்த்து முடித்த பர்மிய வேதாகமம் பெரும்பாலான சபைகளில் இருக்கும். மனப்பாட வசன அட்டையின் பின்பக்கத்தில் அதிலிருந்து அதே வசனத்தைக் கையால் எழுதிவிடுங்கள். தமிழ் வாசிக்கும் பிள்ளையும் பர்மியம் வாசிக்கும் பிள்ளையும் ஜோடியாக உட்கார்ந்தால் சயாமாவுக்கு (ஆசிரியைக்கு) பாதிவேலை குறையும். பாகங்களின் பெயரைத் தமிழிலேயே சொல்லப் பழக்குங்கள். பாதம், தாழ்ப்பாள், தூண், முளை எல்லாம் கையில் பிடித்துச் சொல்லும் சொற்கள், சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும்.

பெட்டி இரண்டு அளவில் கிடைக்கிறது. 1 முழத்துக்கு அரை சென்டிமீட்டர் என்று வரும் சிறியதை வாங்கவேண்டாம்; அதில் கழுந்தே இல்லை, சுவர் ஒரே துண்டு. பெரியதை இரண்டு மூன்று சபைகள் சேர்ந்து வாங்கி, ஒரு விடுமுறைக்கு ஒரு சபை என்று சுற்றிவிடலாம். கைமாறும்போது பாதங்கள் 100, வெண்கலப் பாதங்கள் 5, பலகைகள் 48, பிராகாரத்தூண்கள் 60 என்று மூடியின் உட்புறத்தில் எழுதி எண்ணி வாங்குங்கள். மழை தொடங்குமுன் துணிகளைத் துவைத்து, வெயிலில் நன்றாக உலர்த்தி, பலகைகளோடு சேர்க்காமல் தனிப் பிளாஸ்டிக் பெட்டியில், சிலிக்கா பொட்டலம் போட்டு வையுங்கள். மரத்தோடு சேர்த்துவைத்த துணி ஆகஸ்டுக்குள் பூஞ்சை பிடித்துவிடும், கருப்புத் துணியில் அது முதலில் தெரியாது.